கிளிஞ்சலில் துளையிட்டது யார்?

ஏற்காட்டில் ஏரிக்கரையை ஒட்டியும் லேடிஸ் சீட்டுக்குப் போகும் வழியிலும் மிளகு, காபித்தூள், தைலப் புட்டிகளுக்கு நடுவே கிளிஞ்சல் சரங்களைத் தொங்கவிட்டிருக்கும் சிறு கடைகளைப் பார்க்கலாம். கடற்கரை ஊர்களிலிருந்து மலையேறி வரும் இந்தச் சரங்களில், நூல் கோப்பதற்காக இட்ட துளையைத் தவிர, சில சிப்பிகளில் இன்னொரு துளையும் இருக்கும். அது முழு வட்டமாக, வழவழப்பான ஓரத்துடன், வெளிப்பக்கம் அகன்றும் உட்பக்கம் ஒடுங்கியும் காணப்படும். கடைக்காரரைக் கேட்டால், "அது கடல்லயே விழுந்த ஓட்டைங்க" என்று சொல்லிவிட்டு வேறொரு சரத்தை எடுத்துக் காட்டுவார். அவர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அந்தத் துளை தானாக விழுந்ததில்லை. ஒரு நத்தை, மணலுக்கடியில் இருந்தபடியே, மணிக்கணக்கிலும் சில வேளைகளில் நாள்கணக்கிலும் குடைந்து உண்டாக்கியது அது. சிப்பிக்குள் வாழ்ந்த உயிரை அந்தத் துளையின் வழியாகவே நத்தை தின்று முடித்திருக்கிறது.

இந்த நத்தையை விலங்கியலார் நேட்டிசிடே என்னும் குடும்பத்தில் வைக்கிறார்கள். தமிழில் எழுதுவோர் நிலா நத்தை என்கிறார்கள். அது உயிரோடு வேட்டையாடுவதைப் பார்ப்பது கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கே அரிது. அது விட்டுச்செல்லும் துளையையோ சேலத்தில் இருந்துகொண்டே கையில் எடுத்து, ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராயலாம். யார் குடைந்தது, எந்தப் பக்கத்திலிருந்து குடைந்தது, ஏறத்தாழ எவ்வளவு பெரிய உயிர், முயற்சி பலித்ததா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தச் சிறு வட்டத்தில் விடை தேட முடியும். அவ்வாறு தேடுவதற்கு, குடைபவரைப் பற்றியும் குடையும் முறையைப் பற்றியும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேலம் மாவட்டத்தில் நத்தை என்றதும் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டுதான்: வயலிலும் ஏரியிலும் பிடித்துக் குழம்பு வைக்கும் நன்னீர் நத்தை ஒன்று, மழைக்காலத்தில் தோட்டத்துச் செடிகளை மொட்டையடிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தை மற்றொன்று. இரண்டும் இலை தழையை மேய்பவை என்பதால், நத்தை ஒரு சாதுவான பிராணி என்னும் எண்ணம் நமக்குள் படிந்திருக்கிறது. கடலில் நிலைமை வேறு. நம் வீட்டுப் பூசையறையில் இருக்கும் சங்கேகூட, உயிரோடிருந்த காலத்தில், மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் புழுக்களைத் தேடித் தின்ற ஊனுண்ணிதான். புழுக்கள் மிகுந்த மென்மணலைப் பூச்சி மணல் என்று சங்கு குளிப்போர் தனித்துக் குறிப்பிடுவதும், அங்கே சங்கு அதிகம் கிடைப்பதும் அந்த உணவுத் தொடர்பால் விளைந்தவை. சங்கு மென்மையான புழுவைத் தேர்ந்துகொண்டது. நிலா நத்தையோ தன்னைப் போலவே ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் உயிர்களைக் குறிவைக்கிறது.

இக்குடும்பத்தில் உலகெங்கும் 250-க்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. தமிழகக் கரையில் ஒதுங்கும் ஓடுகளில் எளிதில் அடையாளம் காணக்கூடியவை சில: வெளிறிய நிலத்தில் பழுப்புப் புள்ளிகள் நிறைந்த நேட்டிகா டைகிரினா, பால் வெண்மையும் பளபளப்பும் கொண்ட பாலினைசிஸ் மாமில்லா, சற்றே தட்டையாகப் பருத்து அடிப்பகுதியில் தடித்த மேடு ஒன்று தெரியும் நெவரிட்டா டிடைமா. எல்லாமே உருண்டு திரண்ட, முள்ளோ முடிச்சோ இல்லாத வழுக்கையான ஓடுகள். மணலை ஊடுருவிச் செல்லும் உயிருக்கு மேடுபள்ளம் இடைஞ்சல் என்பதால் இந்த வடிவம் அதற்குப் பொருந்தி வருகிறது.

ஓட்டைவிட வியப்புக்குரியது அதன் பாதம். நத்தை முழுவதுமாக வெளியே நீளும்போது, இவ்வளவு பெரிய சதை இந்த ஓட்டுக்குள் எப்படி அடங்கியது என்று நம்ப முடியாத அளவுக்கு அது விரிகிறது. கடல்நீரைப் பாதத்துக்குள் இருக்கும் இடைவெளிகளில் ஏற்றிக்கொண்டுதான் அது பருக்கிறது. மறுபடி ஓட்டுக்குள் சுருங்க வேண்டுமானால் அந்த நீரை வெளியேற்றியாக வேண்டும். பாதத்தின் முன்பகுதி கேடயமாகத் தலையை மூடிக்கொண்டு மணலைப் பிளக்க, பின்பகுதியின் மடிப்பு ஓட்டின் மேல் ஏறிப் போர்த்திக்கொள்கிறது. இருளிலேயே காலம் தள்ளுவதால் கண்கள் பெரும்பாலான இனங்களில் பயனற்றுக் குறுகிவிட்டன. நீரில் கரைந்து வரும் மணத்தைக் கொண்டே இரை இருக்கும் திசையை அது அறிகிறது.

நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் கரையைப் போல நீர் வற்றிப் பரந்த மணல்வெளி வெளிப்படுவது இங்கே இல்லாததால், நிலா நத்தைகள் நடமாடும் இடத்தின் பெரும்பகுதி எப்போதும் நீருக்கடியிலேயே இருந்துவிடுகிறது. நீர் இறங்கிய நேரத்தில் ஈர மணலில் ஒரு தடம் வளைந்து வளைந்து போய் ஒரு சிறு மேட்டில் முடிந்தால், அந்த மேட்டுக்கடியில் நத்தை இருக்கக்கூடும். கரையில் விரைந்து ஓடும் நிலா நத்தை ஓடு கண்ணில் பட்டால் அதற்குள் இருப்பது நத்தையன்று. காலியான ஓட்டில் குடியேறிய துறவி நண்டு.

இரை பெரும்பாலும் இரட்டை ஓட்டுச் சிப்பிகள்: அலை புரளும் மணலில் புதைந்து வாழும் ஆப்பு வடிவச் சிப்பிகள், கழிமுகத்து மட்டிகள், இவற்றின் உறவினங்கள். சிறு நத்தைகளும் தப்புவதில்லை. மலேசியக் கரையொன்றில், பொத்தான் அளவுள்ள அம்போனியம் என்னும் பளபளப்பான சிறு நத்தைகளை நிலா நத்தை எவ்வாறு வேட்டையாடுகிறது என்று செய்த ஆய்வு 1982-இல் வெளியாயிற்று. அதே அம்போனியம் நம் கரையிலும் வாழ்கிறது. இரையைத் தொட்டுணர்ந்ததும் நத்தை தன் பாதத்தால் அதைச் சுற்றி வளைத்து, கோழையைச் சுரந்து போர்த்தி, மணலுக்கடியில் இழுத்துச் செல்கிறது. சிப்பி செய்யக்கூடியது ஒன்றுதான்: இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்வது. நண்டுக்கும் மீனுக்கும் எதிராக அது நல்ல உபாயம். இங்கோ, அசையாமல் மூடிக் கிடக்கும் இரை குடைவதற்கு வசதியாகிவிடுகிறது. பாதத்துக்குள் சிப்பியைத் திருப்பித் திருப்பி, தனக்கு வாகான நிலையில் அதை நிறுத்திய பிறகே நத்தை வேலையைத் தொடங்குகிறது.

குடைவது எப்படி என்பதில் நெடுங்காலம் இரு கட்சிகள் இருந்தன. நாடா வடிவிலுள்ள நாக்கில் வரிசைக்கு ஏழாக அடுக்கிய பற்களால் அராவித்தான் துளை விழுகிறது என்றது ஒரு கட்சி. அமிலத்தைச் சுரந்து ஓட்டைக் கரைக்கிறது என்றது மற்றொரு கட்சி. அமெரிக்க விலங்கியலாளர் மெல்போர்ன் காரிக்கர், சிப்பிப் பண்ணைகளுக்குத் தொல்லை தரும் துளையிடும் நத்தைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, 1981-இல் துளையிடும் இரு குடும்பங்களான நிலா நத்தைகளையும் முள் சங்குகளையும் ஒப்பிட்டு ஒரு விரிவான தொகுப்பை எழுதினார். அதன்படி இரு கட்சிகளும் பாதிப் பாதி சரி. நிலா நத்தையின் துதிக்கை (வாயைத் தாங்கி வெளியே நீளும் குழாய்) நுனியின் அடிப்பக்கத்தில் துளைப்புத் துணையுறுப்பு என்று அழைக்கத்தக்க ஒரு சுரப்பித் திட்டு இருக்கிறது. அதை ஓட்டின் மேல் பல நிமிடங்கள் அழுத்தி வைத்திருக்கும்போது, அதிலிருந்து வரும் அமிலமும் நொதிகளும் அந்த இடத்தின் மேற்பரப்பை இளக வைக்கின்றன. பிறகு அதை விலக்கிவிட்டு நாக்கால் சிறிது நேரம் சுரண்டி, உதிர்ந்ததை விழுங்குகிறது. மறுபடி திட்டு, மறுபடி நாக்கு. இந்த மாற்று வேலை துளை உட்புறம் திறக்கும் வரை நடக்கிறது.

அமிலம் மட்டும் ஏன் போதாது என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. நகரின் வடக்கே வெள்ளைக்கல் வெட்டியெடுத்த மேடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆங்கிலேயர் அவற்றைச் சாக் மலை என்று அழைத்தாலும் அங்கே இருப்பது கடலில் உருவான சுண்ணாம்பன்று, மக்னீசியம் கார்பனேட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு சொட்டைக் குளிர்ந்த வெள்ளைக்கல் துண்டின் மேல் விட்டால் ஏறக்குறைய எதுவும் நடக்காது. பொடித்தோ சூடாக்கியோ விட்டால்தான் நுரைக்கும். அதே சொட்டைக் கிளிஞ்சலின் மேல் விட்டால் உடனே பொங்கும், ஏனெனில் கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். ஆகவே அமிலத்தால் தாக்குவதற்குக் கிளிஞ்சல் உகந்த பொருள்தான். ஆனால் உயிருள்ள சிப்பியின் ஓடு வெறும் கார்பனேட்டாக இருப்பதில்லை. நுண்ணிய படிகங்களுக்கு இடையே புரதம் கலந்த மெல்லிய படலங்கள் ஓடுகின்றன. வெளிப்புறத்தில் கொம்புப்பொருள் போன்ற தோல் ஒன்றும் மூடியிருக்கிறது. அமிலம் படிகத்தைக் கரைத்தாலும் படலம் நின்றுவிடும். அந்தப் படலத்தைத் தளர்த்த நொதியும், அகற்ற நாக்கும் வேண்டியிருக்கின்றன. கார்புலா என்னும் சிறு சிப்பி இனத்தில் ஓட்டின் நடுவிலேயே தடித்த புரத அடுக்கு ஒன்று இருக்கிறது. பாதியில் நின்றுபோன துளைகள் அந்த அடுக்கு வரை வந்து முடிந்திருப்பதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். அந்த அடுக்கு துளைப்பவர்களுக்கு எதிராகவே உருவானதா, வேறு காரணத்துக்காக உருவாகி இதற்கும் உதவுகிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

வேலை மிக மெதுவாக நடக்கிறது. அமெரிக்க அட்லாண்டிக் கரையின் நெவரிட்டா டூப்ளிகேட்டா என்னும் இனத்தில் அளந்தபோது மணிக்கு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் ஆழம் என்று தெரியவந்தது. ஒரு பகலும் இரவும் ஓயாமல் குடைந்தால் சுமார் அரை மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் தடித்த ஓட்டுக்கு நான்கு நாள் பிடிக்கும். அந்த நான்கு நாளும் இரையை விடாமல் பற்றியிருக்க வேண்டும், தானும் எதற்கும் இரையாகாமல் இருக்க வேண்டும். துளை முடிந்ததும் துதிக்கையை உள்ளே நீட்டி, சதையைச் சுரண்டிச் சுரண்டித் தின்கிறது. மூடு தசைகள் வலுவிழந்த பின் ஓடுகள் தாமாகவே திறந்துகொள்கின்றன.

இனித் துளையை வாசிக்கலாம். நிலா நத்தையின் துளைக்கு முதல் அடையாளம் சரிவு: திருகாணியின் தலை மரத்துக்குள் அடங்குவதற்காக ஆசாரி வாயகலமாகக் குடைந்துவிடும் துளையைப் போல, வெளி விட்டம் பெரிதாகவும் உள் விட்டம் சிறிதாகவும் இருக்கும். குறுக்காக வெட்டிப் பார்த்தால் பக்கச் சுவர்கள் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து இறங்கும். முள் சங்குகளின் குடும்பமான மியூரிசிடேயும் துளையிடுகிறது. அதன் துளையில் சுவர்கள் ஏறக்குறைய செங்குத்தாக, மேலும் கீழும் ஒரே அகலத்துடன் இருப்பது வழக்கம். அக்குடும்பத்தின் துளைப்புத் திட்டு துதிக்கையில் இல்லாமல் பாதத்தின் அடியில் அமைந்திருக்கிறது. அது வேலை செய்வதும் மணலுக்கடியில் இல்லை. பாறையிலும் சிப்பித் திட்டுகளிலும் வெட்டவெளியில்தான். எனவே துளையின் சுவரைப் பார்த்தே, சிப்பி இறந்தது மணலுக்கு உள்ளேயா மேலேயா என்பதுகூட ஓரளவு தெரிந்துவிடுகிறது. விதிவிலக்குகள் உண்டு என்பதை மறக்கக்கூடாது. மிக மெல்லிய ஓட்டில் சரிவு வெளிப்பட இடமே இருக்காது.

சாக்குக்கணவாய் என்றும் பேய்க்கணவாய் என்றும் நம் கரையில் வழங்கும் எட்டுக்கால் கணவாயும் ஓடுகளைத் துளைக்கிறது. அதன் துளை மிகச் சிறியது. வட்டமாக இல்லாமல் ஒழுங்கற்று இருக்கும், ஏனெனில் அதன் நோக்கம் உள்ளே நஞ்சைச் செலுத்துவது மட்டுமே. ஓடெங்கும் பல சிறு துளைகள் நெருங்கிக் கிடந்தால் அது துளைப்புக் கடற்பஞ்சின் வேலை. அது இறைச்சிக்காக வருவதில்லை, குடியிருக்க வருகிறது. சிப்பியின் கூன் முனை, அதாவது இரு ஓடுகளும் இணையும் கீல் பக்கத்தில் புடைத்திருக்கும் பகுதி, அலையில் உரசித் தேய்ந்து பொத்தலாவதும் உண்டு. அத்தகைய பொத்தலின் ஓரம் கூர்மையற்று, சுற்றியுள்ள ஓடும் சேர்ந்து மெலிந்திருக்கும். தொல்லியலாளர்களுக்கு இந்த வேறுபாடு பெரிய விவகாரம்: இசுரேலின் கஃப்சே குகையில் கிடைத்த, ஏறத்தாழ 90,000 ஆண்டுகளுக்கும் பழமையான கிளிஞ்சல்களில் இருந்த துளைகள் மனிதர் இட்டவை அல்ல, இயற்கையில் ஏற்பட்டவை என்றும், துளையுள்ள ஓடுகளாகப் பார்த்து மனிதர் பொறுக்கி வந்திருக்கிறார்கள் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். இனிக் கடைச் சரத்தில் நூல் ஏறிய துளை. மின்துளைப்பானின் வேலை என்றால் சுவர் நேராக இறங்கும். முனை வெளியேறிய பக்கத்தில் ஓடு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். எல்லாச் சிப்பிகளிலும் ஒரே விட்டம் இருக்கும். உயிர்கள் ஒரே விட்டத்தில் குடைவதில்லை.

துளையின் விட்டம் குடைந்த நத்தையின் உடலளவோடு சேர்ந்து வளர்கிறது. அகன்ற துளை பெரிய நத்தையுடையது என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் இனத்துக்கு இனம் கணக்கு மாறும். இடமும் முக்கியம். பல நிலா நத்தைகள் சிப்பியின் கூன் முனைக்கு அருகிலேயே திரும்பத் திரும்பக் குடைகின்றன. சிப்பியைப் பாதத்துக்குள் ஒரே விதமாக நிறுத்தும் பழக்கத்தின் விளைவு இது என்பது ஏற்கத்தக்க விளக்கமாகத் தோன்றுகிறது. பாதியில் நின்ற துளையைக் கண்டால் அதன் தரையைக் கவனிக்க வேண்டும். நிலா நத்தையின் முடிவுறாத துளையில் நடுப்பகுதி ஒரு சிறு குமிழாக மேடிட்டு நிற்கும். இந்தக் குமிழ் தெரிந்தால் குடைந்தவரைப் பற்றிய ஐயம் நீங்கும். அதைத் தோல்வியுற்ற வேட்டை என்று மட்டும் உடனே எழுதிவிடக்கூடாது. அலை புரட்டியதால் வேட்டை தடைப்பட்டிருக்கலாம், அல்லது துளை முடியும் முன்பே சிப்பி மூச்சுமுட்டி இறந்து வாய் திறந்திருக்கலாம். மறுபக்கம், துளையே இல்லாத ஓடும் நிலா நத்தையின் எச்சிலாக இருக்க வாய்ப்புண்டு. 1980-களில் ஹாங்காங்கில் ஆன்செல், மார்ட்டன் இருவரும் செய்த சோதனைகளில், நம் கரையிலும் உள்ள அந்த வெண்ணிற பாலினைசிஸ் நத்தை, சிப்பியின் நடுவே குடைவதற்குப் பதிலாக இரு ஓடுகளும் சந்திக்கும் விளிம்பில் குடைவதையும் பதிவுசெய்தார்கள். விளிம்பில் ஓடு மெல்லியது, வேலை விரைவில் முடியும். ஆனால் அங்கே மிஞ்சும் அடையாளம் ஒரு சிறு பிறை மட்டுமே. கரையில் ஒதுங்கித் தேய்ந்த ஓட்டில் அதுவும் அழிந்துவிடும்.

எண்ணிக்கை எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு சிப்பிக்கு ஓடு இரண்டு, துளை விழுவது ஒன்றில். கரையில் பொறுக்கிய 200 தனி ஓடுகளில் 30-இல் துளை இருந்தால், கொல்லப்பட்டவை நூற்றுக்குப் பதினைந்து என்று சொல்லத் தோன்றும். 200 ஓடு என்பது 100 சிப்பி என்பதால், கணக்கு நூற்றுக்கு முப்பது. இதுவும் வலது ஓடும் இடது ஓடும் சமமாகக் கரை சேர்ந்தால்தான் செல்லும். துளையுள்ள ஓடு எளிதில் உடையும், நீரில் வேறு விதமாகப் புரளும் என்பதால் அலையே முன்கூட்டித் தரம் பிரித்துவிடுகிறது. கடைச் சரத்தை வைத்துக் கணக்குப் போடுவது இதனினும் வீண். அழகான ஓடுகளை மட்டும் ஒருவர் தேர்ந்தெடுத்த பின்னரே அது மலையேறி வந்திருக்கிறது. கல்லூரி மாணவர்களின் திட்டக் கட்டுரைகளுக்கு இந்தப் பொருள் மிகவும் ஏற்றது, செலவும் இல்லை. கரையில் ஒரு சதுரத்தை வரைந்து அதற்குள் கிடப்பதையெல்லாம், உடைந்ததையும் சேர்த்து, அள்ள வேண்டும் என்பது மட்டுமே கட்டாயம்.

நத்தை இரையை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்ற கேள்விக்கு 1981-இல் ஜெனிபர் கிச்சலும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கணக்கியல் விடையைத் தந்தார்கள். ஓட்டின் தடிமனைப் பொறுத்துச் செலவு. உள்ளே இருக்கும் சதையின் அளவைப் பொறுத்து வரவு. செலவுக்கு அதிக வரவு தரும் இனத்தையும் அளவையும் நத்தை விரும்புகிறது என்று அவர்கள் எதிர்பார்த்தது சோதனைத் தொட்டியில் பெரிதும் பொருந்தி வந்தது. இந்தக் கணக்கில் தன்னினமும் அடக்கம். நிலா நத்தை நிலா நத்தையைக் குடைவது அபூர்வமன்று. அத்தகைய ஓடுகளில் துளை பெரும்பாலும் ஓட்டின் அடியில் சுருளின் நடுவே உள்ள கொப்பூழ்க் குழிக்கு அருகே இருக்கும். ஆஸ்திரேலியக் கரையில் கோனுபர் சார்டிடஸ் என்னும் நிலா நத்தை இனம் ஓடித் திரியும் படைவீரர் நண்டுகளையே பிடித்து அவற்றின் ஓட்டில் துளையிடுவதை ஹூல்ஸ்கென் 2011-இல் எழுதினார். நத்தை நண்டைப் பிடிப்பது என்பது படிக்கும்போது தலைகீழாகத் தோன்றுகிறது, ஆனால் உண்மை.

சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. ஓடுள்ள உயிரே தோன்றாத காலத்தது. அதிலும் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. அதை உடைத்துக் கிளிஞ்சல் தேடுவதில் பயனில்லை. ஆனால் ஆத்தூர், பெரம்பலூர் வழியாகக் கிழக்கே போனால் அரியலூர் வந்துவிடும். கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதியில், அதாவது சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுக்கு முன்பு வரை, அங்கே கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்று சிமெண்டு ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் தரை. அங்கிருந்து சேகரித்த சங்கு நத்தைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களின் இறுதியில் வரிசைப்படுத்தி வெளியிட்டபோது, நிலா நத்தையை ஒத்த உருண்டை ஓடுகளும் அதில் இடம்பெற்றன. வாரணவாசியில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டைனோசரைப் பற்றித்தான் கேட்கிறார்கள்; கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பிகளின் கூன் முனைப் பக்கத்தையும் ஒருமுறை உற்றுப் பார்க்கலாம்.

கிரெட்டேசியம் இக்கதையில் முக்கியமான காலம். துளையிடும் பழக்கத்துக்கு அதற்கு முன்பும் சான்று உண்டு; இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் டிரையாசியக் காலச் சிப்பிகளில் அத்தகைய துளைகளை ஃபுர்சிச், ஜப்லான்ஸ்கி இருவரும் 1984-இல் அறிவித்தார்கள். ஆனால் அந்தப் பழக்கம் தொடர்ந்து வந்ததாகத் தெரியவில்லை. நிலா நத்தையின் துளைகள் தடையின்றித் தொடர்வது கிரெட்டேசியம் முதல்தான். வேட்டையாடுபவர் வலுப்பெற வலுப்பெற ஓடு தடிப்பது, ஆழப் புதைவது, துள்ளி ஓடுவது என்று இரையும் மாறிக்கொண்டே வந்தது என்பது கீராத் வெர்மேயின் வாதம். மூன்று வயதிலேயே பார்வையை இழந்த இந்தப் புதைபடிவ அறிஞர், ஓடுகளை விரலால் தடவியே அவற்றின் தடிப்பையும் தழும்பையும் துளையையும் ஆராய்ந்தவர். 1987-இல் நூலாக வந்த அவரது கருத்து இன்றுவரை இத்துறையின் மையமாக இருக்கிறது. எதிர்ப்பும் இருக்கிறது. துளை விழுந்த ஓடுகளின் விகிதம் காலந்தோறும் சீராக உயரவில்லை, ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. இரை உண்மையிலேயே நத்தைக்கு ஏற்ப மாறியதா, நண்டு, மீன் உள்ளிட்ட எல்லா எதிரிகளுக்கும் ஏற்ப மாறியதா என்பதைத் துளையை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. இந்த இரண்டாவது ஐயம் வலுவானது என்றே எனக்குப் படுகிறது.

நிலா நத்தை மனிதருக்குத் தொல்லையாகும் இடங்களும் உண்டு. சீனா, கொரியாவிலிருந்து கடற்கரையில் விதைப்பதற்காக இறக்குமதி செய்த சிப்பிகளோடு யூஸ்பிரா ஃபார்ச்சுனி என்னும் இனம் ஜப்பானுக்குள் நுழைந்து, 2000-களின் தொடக்கத்தில் மியாகி மாவட்டத்தின் மாங்கோகு உராவில் சிப்பி விளைச்சலைக் கெடுத்தது. நத்தை மணலுக்குள் இருப்பதால் அதைத் தேடிப் பிடிப்பதைவிட அதன் முட்டை வளையங்களைப் பொறுக்கி அழிப்பதே அங்கு எளிதாக இருந்தது. நம் கரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. இங்கே இருப்பவை இக்கடலுக்கே உரியவை, சிப்பிகளும் அவற்றோடு நெடுங்காலம் வாழ்ந்தவை.

அந்த முட்டை வளையத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் கடற்கரைக்குச் செல்பவர்கள் அதை ஏதோ ரப்பர் கழிவு என்று நினைத்துக் காலால் எற்றிவிட்டுப் போகிறார்கள். பெண் நத்தை மணலுக்கடியில் இருந்தபடி கோழையைச் சுரந்து, மணற்பொடியை அதில் ஒட்டவைத்து, நடுவில் முட்டைகளை ஓர் அடுக்காகப் பதித்து, தன் ஓட்டையும் பாதத்தையும் சுற்றி வளைத்து உருவாக்கும் பட்டை அது. அடி அகன்று மேல் குறுகி, ஒரு பக்கம் இணையாமல் நிற்கும். ஈரமாக இருக்கும்போது வளையும். வெயிலில் காய்ந்தால் விரலால் தொட்டாலே நொறுங்கும். ஆத்தூரைக் கடந்து ஓடும் வசிட்ட நதியும் கெங்கவல்லிப் பக்கத்து சுவேத நதியும் கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. கழிமுகத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருக்கிறது. ஆற்று வெள்ளம் கொண்டுவந்து சேர்க்கும் மணலைக் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி இழுத்துச் செல்கிறது. ஆகவே அந்தக் கரையில் ஒரு நத்தை ஒட்டிச் செய்த முட்டை வளையத்தில் நம் மாவட்டத்துப் பாறை உதிர்ந்த மணற்துகளும் இருக்கலாம் என்று நினைப்பது மிகையன்று. ஈரப் பசையோடு முழுதாக இருக்கும் வளையத்தைக் கண்டால் எடுக்காமல் விட்டுவிடுவது நல்லது. முட்டை உள்ளே இன்னும் இருக்கக்கூடும். பொரிந்த பின் பல இனங்களின் குஞ்சுகள் நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிராகச் சில காலம் அலைந்து, பிறகு தரையிறங்கி ஓடு வளர்க்கின்றன. தரையிறங்கிய சிறிது காலத்திலேயே அவை குடையத் தொடங்கிவிடுகின்றன; மணலரித்து நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஆஸ்ட்ரகோடு என்னும் நுண் ஓட்டுயிர்களிலும் அதே சரிவுள்ள வட்டத் துளையைக் காண்கிறார்கள்.